வலி மருந்து பெறும் பெண்ணுக்கும் பிரசவத் துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலியில்லாப் பிரசவம் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையைப் பற்றி மக்களிடையே பரவியிருக்கும் அச்சங்கள் பலவற்றைப் போக்கும் வகையில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஊசியால் ஆயுள் முழுதும் முதுகுவலி வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொன்னதற்காகவே கட்டுரையாளரான மருத்துவரைப் பாராட்டுகிறேன். ஆனால், ஊசி போட்டதும் வலி அடங்கிவிடுவதால் உடன் ஒருவர் இருக்க வேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது என்ற பொருளில் அதில் இடம்பெற்ற கருத்தை, அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. அந்தக் கருத்து அந்த மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைகளிலும் குடும்பங்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டூலா என்று இப்போது நகரங்களில் அழைக்கப்படும் பிரசவத் துணையாளர் மருத்துவரோ செவிலியரோ மருத்துவச்சியோ அல்லர். அவர் உள்பரிசோதனை செய்வதில்லை, இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. வலி தொடங்கியது முதல் குழந்தை பிறந்து தாயின் மார்பில் வாய் வைக்கும் வரை, அந்த ஒரு பெண்ணை மட்டுமே கவனித்துக்கொண்டு அவள் அருகில் இருப்பதுதான் அவருடைய பணி. மருந்தே வேண்டாம், ஊசியே வேண்டாம் என்று சொல்லி இயற்கைப் பிரசவத்தை விரும்புகிறவர்களுக்குத்தான் இத்தகைய துணை பொருந்தும் என்ற எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. ஆகவே எபிடியூரல் போட்டுக்கொள்ள முடிவு செய்த பெண் தனக்கு டூலா எதற்கு என்று நினைக்கிறாள்; மருத்துவமனையும் அதையே சொல்கிறது. வலி ஒன்று மட்டுமே பிரசவத்தின் துன்பம் என்று கொண்டால்தான் இந்த முடிவு சரியாகும். அச்சத்துக்கும், தனிமைக்கும், தன் உடலுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று விளங்காத திகைப்புக்கும் அந்தக் குழாய் வழியாக எந்த மருந்தும் செல்வதில்லை.

ஊசி போடும் நேரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெண் கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலையணை ஒன்றை அணைத்துக்கொண்டு, தாடையை நெஞ்சில் பதித்து, கீழ்முதுகைப் பின்பக்கமாக வளைத்துக் காட்ட வேண்டும். நிறைமாத வயிற்றோடு அப்படி வளைவது எளிதன்று. முதுகில் கிருமிநாசினி சில்லென்று படுகிறது; பின்னால் நிற்கும் மயக்கவியல் மருத்துவரின் முகம் அவளுக்குத் தெரிவதில்லை; அந்த வேளையில் வலி ஒன்று எழுந்து உச்சத்துக்கு ஏறினாலும் அவள் அசையக் கூடாது. மருத்துவரின் கவனம் முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். செவிலியர் மருந்துத் தட்டுக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவிக்கும் இடையே நிற்கிறார். அப்போது முகக்கவசமும் தொப்பியும் அணிந்து, தட்டுப் பக்கமே போகாமல், அவளுக்கு நேர் எதிரில் நின்று இரு தோள்களையும் பிடித்துக்கொண்டு, “வலி ஏறுதும்மா, வாயால ஊது, மெதுவா ஊது, இதோ இறங்குது பார்” என்று காதருகில் சொல்லும் ஒருவர் இருந்தால் அவள் அசையாமல் இருக்கிறாள். அது அவளுக்கு ஆறுதல், மருத்துவருக்கும் உதவி. நான் அறிந்த தனியார் மருத்துவமனைகளில் உடன் இருப்பவரை வெளியே போகச் சொல்வதோ சரியாக இந்த நேரத்தில்தான்.

மருந்து முழுமையாக வேலை செய்யப் பத்து முதல் இருபது நிமிடங்கள் ஆகும். அதன்பின் வரும் மணிநேரங்களைத்தான் கட்டுரை ஒரே வரியில் நிம்மதியான ஓய்வு என்று கடந்துவிட்டது. பலருக்கு அது உண்மையிலேயே ஓய்வுதான்; இரவெல்லாம் துடித்த பெண் ஊசிக்குப் பின் அயர்ந்து உறங்குவதைப் பார்க்கும்போது நமக்கே மனம் குளிரும். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கித் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். உடல் வெடவெடவென்று நடுங்கலாம். மருந்தோடு சேர்க்கும் ஃபென்டனில் என்ற வலிநீக்கியால் உடலெங்கும் அரிப்பு எடுக்கலாம். சிலருக்கு ஒரு பக்கம் மரத்துப்போய், மறுபக்கத்தில் மட்டும் வலி முன்போலவே நீடிக்கும். அவள் சொல்வதை நின்று கேட்க ஆள் இல்லாவிட்டால், ஊசி போட்டும் கத்துகிறாள் என்ற பேச்சுத்தான் மிஞ்சும். கால்கள் கனத்துப்போவதால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. சிறுநீர் வெளியேறக் குழாய் வைத்திருப்பார்கள். கையில் ட்ரிப்ஸ், மறு கையில் இரத்த அழுத்தப் பட்டை, வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட்டுகள். வலி இல்லாத பெண்தான் அன்று அந்த அறையில் அதிகம் கட்டுண்டு கிடப்பவள்.

இந்த நிலையில் துணையாளருக்கு வேலை குறைவதில்லை. வேலையின் தன்மைதான் மாறுகிறது. வலியோடு இருக்கும் பெண்ணுக்கு இடுப்பை அழுத்திவிடுவதும் நடக்க வைப்பதும் மூச்சை ஒழுங்குபடுத்துவதும் முதன்மையானவை. எபிடியூரல் போட்ட பெண்ணைச் செவிலியரின் ஒப்புதலோடு குறிப்பிட்ட இடைவெளியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு இடையே நிலக்கடலை வடிவப் பந்தையோ, அது இல்லையென்றால் மடித்த தலையணைகளையோ வைத்து இடுப்புக்கூட்டுக்கு இடம் உண்டாக்க வேண்டும். உதட்டை நனைக்க வேண்டும், நடுக்கத்துக்குப் போர்த்திவிட வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பு சற்று இறங்கியதும் இரண்டு மூன்று பேர் ஓடிவந்து அவளைப் புரட்டி ஆக்சிஜன் முகமூடி வைக்கும்போது, என் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கண்களாலேயே கேட்கும் அவள் கையை ஒருவர் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பதற்றம் தணிந்தபின், “மருத்துவர் இருக்கிறார், கேட்க வேண்டியதைக் கேளம்மா” என்று அவளுக்கு நினைவூட்டவும் வேண்டும். அவளுக்குப் பதிலாகப் பேசுவது துணையாளரின் வேலை அன்று.

பிறகு முக்கும் நேரம் வருகிறது. எபிடியூரலின் தாக்கத்தில் முக்க வேண்டும் என்ற உந்துதல் மங்கியிருக்கும். எந்த இடத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றே சிலருக்குத் தெரியாது. இந்த இரண்டாம் கட்டம் மருந்து பெற்றவர்களுக்குச் சற்று நீள்வது இயல்பு. அதை அறியாத பெண், நாலாபுறமிருந்தும் முக்கு, முக்கு என்று குரல்கள் எழும்போது தன்னால்தான் முடியவில்லை என்று குன்றிப்போகிறாள். வயிறு இறுகுவதைக் கை வைத்து உணரச் செய்து, அந்த வேளைக்கு மட்டும் முக்கச் சொல்லி, இடையில் ஓய்வெடுக்க விட்டு, தலைமுடி தெரிகிறது என்று மருத்துவர் சொன்னதும் அவள் கையை எடுத்துத் தொட்டுப் பார்க்க வைக்கும் ஒருவர் இருந்தால் அந்த அரைமணி நேரம் வேறாகிவிடுகிறது.

குடும்பத்தார் இதையெல்லாம் செய்ய மாட்டார்களா என்று கேட்கலாம். தலைப்பிரசவத்தைத் தாய்வீடு ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உள்ள நம் ஊரில், பெற்ற தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவிக்க விரும்பும் மகளிடமிருந்து அதைப் பறிக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் மகள் துடிப்பதைக் காணும் தாய் தானும் துடிக்கிறாள். ஊசி போட்டு மகள் கண்ணயர்ந்ததும், இரண்டு நாள் உறக்கமில்லாத அந்தத் தாய் நிம்மதிப் பெருமூச்சோடு வெளியே பெஞ்சில் சாய்ந்துவிடுகிறாள். கணவர் பில்லைக் கட்டவும் ஊருக்குச் செய்தி சொல்லவும் போய்விடுகிறார். யாரையும் குறை சொல்ல முடியாது. வலி இருக்கும் வரை சுற்றி நின்றவர்கள் வலி போனதும் கலைந்துவிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இது என் அனுபவத்தை மட்டும் நம்பிச் சொல்வதன்று. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் உள்ளிட்ட குழுவினர் குவாத்தமாலாவில் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வுதான் இத்துறைக்கு வித்திட்டது. 1991-இல் கென்னல் குழுவினர் ஹூஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் தலைச்சன் பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் கண்டறிந்ததை வெளியிட்டார்கள். டூலா உடனிருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. இயல்பாகப் பிரசவித்தவர்களில் எபிடியூரல் பெற்றவர்கள் முறையே 7.8 சதவீதம், 55.3 சதவீதம். டூலா என்றால் எபிடியூரலுக்கு எதிரானவர் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டாவது எண்ணும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் அதே கென்னல், மெக்ராத் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த 420 பெண்களிடம் நடந்தது அது. எல்லாருக்கும் கணவரோ வேறு துணையோ உடன் இருந்தார். பாதிப் பேருக்குக் கூடுதலாக டூலாவும் இருந்தார். இங்கே எபிடியூரல் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் குறைவு: டூலா இருந்தவர்களில் 64.7 சதவீதத்தினரும், இல்லாதவர்களில் 76 சதவீதத்தினரும் அதைப் பெற்றார்கள். அப்படியிருந்தும் சிசேரியன் விகிதம் 25 சதவீதத்திலிருந்து 13.4 சதவீதமாகக் குறைந்தது. மருந்து கொடுத்து வலி வரவழைக்கப்பட்ட பெண்களிடம் சிசேரியன் விகிதத்தின் இடைவெளி மிகப் பெரிது: டூலா இல்லாதவர்களில் 58.8 சதவீதம், இருந்தவர்களில் 12.5 சதவீதம். ஜெல் வைத்து, ஆக்சிடோசின் ட்ரிப்ஸ் ஏற்றி, அதன் வலி தாங்காமல் எபிடியூரல் கேட்கும் பெண்கள் நம் மருத்துவமனைகளில் எத்தனை பேர் என்று மகப்பேறு மருத்துவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், மருத்துவமனைச் செவிலியர்களே பயிற்சி பெற்றுத் தொடர்ந்து உடனிருந்தபோது சிசேரியன் விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. எபிடியூரலும் பிற தலையீடுகளும் வழக்கமாகிவிட்ட இடங்களில் துணையாளர் ஒருவரால் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது என்பதற்கு அது சான்று. இருந்தாலும், உடனிருந்த துணையைப் பற்றி அந்தப் பெண்களிடம் கேட்டபோது அவர்கள் அதையே விரும்பினார்கள், அடுத்த பிரசவத்துக்கும் அது வேண்டும் என்றார்கள். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும், 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைக் கொண்டு, தொடர்ச்சியான துணை கிடைத்தவர்களிடம் சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்றும், பிரசவத்தைக் கசப்பான அனுபவமாகக் கருதும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றும் காட்டியது. இரண்டாவது முடிவை நான் முதலாவதைவிடக் குறைத்து மதிக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் தருவதும் அவள் விரும்பும் துணையை உடனிருக்க விடுவதும் இரண்டுமே இடம்பெற்றிருக்கின்றன. ஒன்றைப் பெற மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று அந்த நிறுவனம் எங்கும் சொல்லவில்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளில் முன்னோடியாகக் கொண்டுவந்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகமும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமும் அதை வலியுறுத்துகிறது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர்கள் அறுவை அரங்குகளிலிருந்தே விடுபட முடியாத நிலையில், சுகப்பிரசவத்துக்கு எபிடியூரல் என்பது பெரும்பாலான பெண்களுக்கு எட்டாதது. தனியார் மருத்துவமனைகளில் எபிடியூரல் எளிதில் கிடைக்கிறது. துணைக்கு ஆளை விடுவது அந்தந்த மருத்துவமனையின் விருப்பம். ஏழைப் பெண்ணுக்கு ஆள் உண்டு, மருந்து இல்லை. வசதியுள்ள பெண்ணுக்கு மருந்து உண்டு, ஆள் இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 60 சதவீதத்துக்கும் மேல். இதற்குக் காரணங்கள் பல, துணை இல்லாமை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு உயர்ந்த விகிதத்தை வைத்துக்கொண்டு, ஆபத்தில்லாத, செலவும் அதிகமில்லாத ஓர் உதவியை வாசலில் நிறுத்திவைப்பது என்ன நியாயம்?

என் தங்கை மகளின் பிரசவத்தில் இதை நேரில் கண்டேன். பயிற்சி பெற்ற டூலா ஒருவரை அவள் மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்து, மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லியிருந்தாள். எபிடியூரல் போட முடிவானதும், இனி அவர் தேவையில்லை, வெளியே காத்திருக்கட்டும் என்று பணியில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். என்னையும் உள்ளே விடவில்லை. குழந்தையும் தாயும் நலமாகத்தான் வந்தார்கள். சிகிச்சையில் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இயந்திரத்தின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்ததைத்தான் அவள் சொல்கிறாள்.

மருத்துவர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. சிகிச்சையில் தலையிடும் துணையாளர்களும், எபிடியூரல் கேட்கும் பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், ஊசி போட்டால் தோற்றுவிட்டாய் என்பது போலப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படிப் பேசுகிறவர் துணை என்ற பெயருக்கே தகுதியற்றவர். வலியைத் தாங்குவதும் மருந்து கேட்பதும் அந்தப் பெண்ணின் முடிவு; எந்த முடிவானாலும் அவள் பக்கம் நிற்பதற்குத்தான் அவர் வருகிறார். பயிற்சி நிறுவனங்கள் இதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மருத்துவமனைகளும் துணையாளரிடம் நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், மீறுகிறவரை வெளியேற்றலாம். சிலரின் தவறுக்காக எல்லாருக்கும் கதவை அடைப்பது தீர்வாகாது.

சுகாதாரத் துறையிடம் நான் வேண்டுவது இதுதான். அரசு மருத்துவமனைகளுக்கு உள்ள பிரசவத் துணை விதியை, மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும் தனியார் மகப்பேறு மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். எபிடியூரல் போடும் நேரமும், அவசரம் இல்லாத சிசேரியனில் முதுகில் ஊசி போட்டு விழிப்போடு இருக்கும் நேரமும் அதில் அடங்க வேண்டும். கட்டணம் கொடுத்து டூலாவை வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது என்பதால், கிராமப்புறச் செவிலியர்கள் கருவுற்ற பெண்களைச் சந்திக்கும்போதே உடன் வரப்போகும் தாய்க்கோ அக்காவுக்கோ ஒரு மணி நேரமாவது பயிற்சி தர ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிரசவ வார்டுக்கென்றே மயக்கவியல் மருத்துவர்களை நியமித்து, கேட்கும் பெண்ணுக்கு வலி நிவாரணமும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கட்டுரை எழுதிய மருத்துவரிடமும் ஒரு கேள்வி. அவர் பணியாற்றும் மருத்துவமனையில் எபிடியூரலுக்கு ஒப்புதல் வாங்கும் படிவத்தில் ஊசியின் பயனும் பக்கவிளைவும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் படிவத்தில் உடன் இருக்கப்போகிறவரின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கிறதா, ஊசி போடும்போது அவர் உள்ளே இருக்கலாமா என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக அவர் தெரிவித்தால், அடுத்த மாதம் பிரசவத்துக்குத் தேதி குறித்திருக்கும் வாசகிகள் பலருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரசவ வார்டு செவிலியர்,
திருச்சிராப்பள்ளி.